பதினொரு தொப்பிகளும் ஒரு வாக்குமூலமும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த காலத்தில், கொழும்பில் இருப்பதற்கு எனக்கொரு காரணம் வேண்டியிருந்தது. யுத்த நேரத்தில் சும்மா இருப்பவனைப் போலச் சந்தேகத்துக்குரியவன் வேறு யாருமில்லை. வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் பொலிசில் பதியும் படிவத்தில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம். லொட்ஜ் மனேச்சர் தன் பிரதியில் அந்த இடத்தில் 'படிப்பு' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"மாணவர் அட்டையைக் கொண்டு வாரும் தம்பி, பேனையாலை எழுதுறன். அதுவரைக்கும் அழிக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும்."

அட்டை கிடைக்க ஆங்கிலக் கட்டுரைச் சோதனையில் தேற வேண்டும். காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் நடந்த எங்கள் கணக்கியல் டிப்ளோமா வகுப்பின் சட்டம் அது.

ஊர் முறைப்படி ஆயத்தமானேன். அதாவது, பாடமாக்கினேன். லொட்ஜுகளில் கைமாறிக்கொண்டிருந்த பழைய கொப்பி ஒன்றில் 'மறக்கமுடியாத பயணம்' என்ற கட்டுரை இருந்தது. பொன்னிறச் சூரியன் மலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும், கண்டி ரயிலின் ஜன்னலால் மாமாவின் தொப்பி பறக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத் தொப்பி போட்ட மாமாவும் இல்லை, நான் கண்டியைக் கண்டதும் இல்லை. சோதனையில் வந்த தலைப்போ 'என் நண்பன்'. அதற்கென்ன, நண்பனைக் கண்டி ரயிலில் ஏற்றிவிட்டேன்.

ஆங்கிலம் கற்பித்த மிஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவர். கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். மறுவாரம் வந்ததுமே தமிழ்.

"இந்த வகுப்பிலை பதினொரு பேரின்ரை மாமாமாருக்குத் தொப்பி பறந்திருக்கு. ஒராளைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பிடிக்கேல்லை."

"என்ரை மாமா பிடிச்சவர், மிஸ்," என்றான் பின்வரிசையில் ஒருவன். கடைசிப் பந்தியை மறந்துபோய்ச் சொந்தமாக முடித்தவன். எங்களில் அவன் மட்டும் தேறியிருந்தான்.

மற்றப் பத்துப் பேருக்கும் வெள்ளிக்கிழமை மறுசோதனை. அதிலும் கவிழ்ந்தால் அட்டை இல்லை. பிறகு மனேச்சரின் அழிறப்பர்தான்.

வெள்ளிக்கிழமைத் தலைப்பு, 'நான் இருக்கும் இடம்'. லொட்ஜுக்குப் பின்னால் கரையோர ரயில் ஓடியது உண்மைதான். ஆனால் மாமாவை இன்னொரு தடவை ஏற்றத் துணிவில்லை. அரைமணி நேரம் வெறுந்தாளைப் பார்த்தபடி இருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. இந்தக் கேள்விக்கு நான் கிழமைக்கு இரண்டு தரம் பதில் சொல்பவன். எங்கே இருக்கிறாய், யாரோடு, எப்போதிருந்து, ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய்? சோதனைச் சாவடியில் இந்த வரிசை மாறாது. அங்கே பொன்னிறச் சூரியனைக் கூட்டிப்போக முடியாது. ஒரு சொல் கூடினால் ஒரு கேள்வி கூடும். ஆகவே கேள்விக்கு ஒரு பந்தியாக எழுதத் தொடங்கினேன். மூன்றாம் மாடி அறை. நான்கு பேர், மூன்று கட்டில். முறை வைத்துப் படுக்கிறோம். இன்று என் முறை நிலத்தில். இருவர் கனடா விசாவுக்குக் காத்திருக்கிறார்கள், ஒருவர் கண் சத்திரசிகிச்சைக்கு வந்தவர். கடைசிக் கேள்விக்கு மட்டும் 'தெரியாது' என்று ஒரே வரி. சாவடியில் சொல்லத் துணியாத பதில் அது.

தாளைத் திருப்பித் தரும்போது மிஸ் தமிழில் தொடங்கினார்.

"ஒரு பந்தியிலை ஒரு விசயம். இதைத்தானே நான் மூண்டு மாசமாக் கத்துறன். உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"பொலிஸ், மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தரம் பார்த்தார்.

"பிழையள் கிடக்கு. திருத்தலாம். பாஸ்."

அட்டை கிடைத்த அன்று பின்னேரம், மனேச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, பேனையைத் திறந்தார். பென்சில் எழுத்தின் மேலேயே ஆறுதலாக எழுதினார். நான் மாடிக்குப் போய், யாருடைய முறை என்றும் பாராமல், கட்டிலில் விழுந்து நித்திரையாகிவிட்டேன்.