குறைத்து வைத்த வேகம்

என் அண்ணன் பதினைந்து வயதில் ஒரு கார் பந்தயத்தில் தன்னுடைய பழைய சாதனையைத் தானே முறியடித்தான். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். அந்த வெற்றி எங்கள் வீட்டைப் படுத்திய பாட்டை நினைத்தால், அன்று அவன் முதல் வளைவிலேயே சுவரில் மோதியிருக்கக் கூடாதா என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

கிள்ளானில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு இருந்தது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். அண்ணனுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே போகிற நோய். ஐந்து வயதில் படி ஏறத் திணறினான்; பதினோரு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். இது தாய்வழியாக வருகிற நோய் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து அப்பா, அம்மா வீட்டு ஆட்களிடம் அளந்துதான் பேசினார். அண்ணனுக்கு வேண்டியதை எல்லாம் செய்வார். தூக்கிக் காரில் உட்காரவைப்பார், நாற்காலியின் சக்கரங்களைக் கழுவித் துடைப்பார், மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைப்பார். ஆனால் அவன் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார். கூடத்தில் அண்ணன் இருந்தால் அவர் வெளியே போய்க் காரின் பானட்டைத் திறந்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் நடந்துகொண்டிருந்த காலத்தில் வாங்கிய, டிவியில் மாட்டி ஆடுகிற சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கார் பந்தயம்தான் அவனுக்கு உயிர். ஒருநாள் அது டிஸ்கைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு நின்றுபோனது. இதற்கெல்லாம் இனிமேல் சாமான் கிடைக்காது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் அதைத் தூக்கிப் போடவிடவில்லை. டிவிக்குக் கீழே அப்படியே வைத்திருந்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா அவரைப் பார்த்து ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொள்வார். ஒரு ஞாயிறு, மாமா ஒரு கம்ப்யூட்டரைப் பெட்டியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். அண்ணனின் பழைய டிஸ்கை முந்தின வாரமே வாங்கிப்போய் அதிலிருந்ததை எல்லாம் உள்ளே ஏற்றியிருந்தார். எமுலேட்டர் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அப்படின்னா என்னா மாமா?" என்றேன்.

"பழைய பெட்டி இதுக்குள்ள உக்காந்திருக்குன்னு வச்சுக்கோ. இன்னும் அந்தப் பழைய டிவியிலதான் ஓடிக்கிட்டு இருக்கோம்னு அது நெனச்சிக்கிட்டு இருக்கும். வெளிய என்னா நடக்குதுன்னு அதுக்கு ஒன்னுமே தெரியாது."

படம் வந்தபோது அண்ணன் வாயைப் பிளந்துவிட்டான். முன்பெல்லாம் கார்களின் ஓரம் ரம்பம் போல இருக்கும். இப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. பந்தயச் சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் எழுத்து இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. படத்தை அகலமான திரைக்கு இழுத்திருந்ததால், இரண்டு ஓரங்களிலும் கைதட்டும் ஜனங்கள் பாதி உடம்போடு நின்றார்கள். பழைய டிவியில் அந்த இடம் தெரியாது என்பதால் அங்கே அவர்களை யாரும் முழுதாகச் செய்யவில்லையாம். நானும் அண்ணனும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பழைய பெட்டியின் நினைவு அட்டையைக்கூட மாமா விட்டுவைக்கவில்லை. அண்ணன் பத்து வயதில் ஓட்டிய சாதனை நேரம், அவன் பெயரின் மூன்று எழுத்தோடு பட்டியலின் உச்சியில் அப்படியே இருந்தது.

அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். முதல் வளைவில் மோதினான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் மோதினான். கட்டைவிரல் பட்டனுக்குப் போய்ச் சேருவதற்குள் வளைவு வந்துவிட்டது. "கை வேர்க்குது" என்று சொல்லிக் கன்ட்ரோலரை என்னிடம் தள்ளினான். மாமா குனிந்து, நன்றாகவே இருந்த ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் வந்து ஏதோ செய்தார். அதன் பிறகு விளையாட்டில் பாட்டு வரவில்லை. கேட்டதற்கு டிஸ்கில் கீறல் என்றார். கார் மெதுவாகப் போகிறதே என்று நான்தான் சொன்னேன்.

"பெரிய படம்லா. பெருசா தெரிஞ்சா மெதுவாத்தான் தெரியும்."

ஒன்பது வயதில் எனக்கு அது சரியான விளக்கமாகவே பட்டது. உண்மையில் மாமா விளையாட்டின் வேகத்தைக் குறைத்திருந்தார். பாட்டு இழுத்து இழுத்துப் பாடிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை நிறுத்தியிருந்தார். பிறகு அண்ணனின் விரல்கள் தளரத் தளர, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டே போனார். திரையின் மூலையில் ஓடிய பந்தயக் கடிகாரம் அவருக்குச் சாதகமாக இருந்தது. உள்ளே இருக்கிற பழைய பெட்டிக்குத் தன் வேகம் குறைந்தது தெரியாது. அதனுடைய ஒரு விநாடி வெளியே இரண்டு விநாடியாக நீண்டாலும் அது ஒன்று என்றுதான் எண்ணும்.

அந்தச் சமயத்தில் அப்பாவோடு லோரி ஓட்டும் ஒருவர் சுங்கை பூலோவில் இருக்கும் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். அப்பா போய் ஒரு எண்ணெய் வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் கை காலில் தேய்க்க வேண்டும். ஆஸ்பத்திரி மாத்திரையும் இந்த எண்ணெயும் ஒரே உடம்பில் சேராது, மாத்திரையை நிறுத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெயையும் தேய்த்தாள், மாத்திரையையும் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் அப்பா வேலை முடிந்து உள்ளே நுழையும்போது அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ரெக்கார்ட் ஒடச்சிட்டேன்! ப்பா, ரெக்கார்ட் ஒடச்சிட்டேன்!"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து திரையைப் பார்த்தார். மேலே புதிய நேரம் மின்னியது. அதற்குக் கீழே பழையது.

"இது யாரு ஓட்டுனது?"

"நான்தான்ப்பா. பத்து வயசுல. நடக்குறப்ப."

"அப்ப ஓட்டுனதவிட இப்ப வேகமாவா?"

"ஆமாப்பா."

அப்பா நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டார். அண்ணனின் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். டீசல் நாற்றம் அடிக்கும் சட்டையோடு அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குப் புதுக் காட்சியாக இருந்தது. பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எண்ணெ புடிச்சிருச்சு! கேக்குதா? இனிமே அந்த மாத்திரையக் குடுக்காத."

அம்மா ஏதோ சொல்லப்போனாள். அப்பா திரையைக் கைகாட்டினார். அவள் மாத்திரைப் புட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்தது எங்கள் வீட்டின் நல்ல காலம். அப்பா வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். எண்ணெய் தேய்ப்பதை அம்மாவிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார். பாதத்தில் ஆரம்பித்துத் தோள்வரை, அவசரமே இல்லாமல் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே துறைமுகத்துக் கதைகளைச் சொல்வார். அண்ணன் கார் ஓட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வளைவுக்கு முன்னாடியே பிரேக்க தொடு. உள்ள போனப்புறம் தொட்டா வண்டி இழுக்கும்" என்று பாடம் நடத்துவார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவனோடு சாப்பிட்டார். மாமாவிடம்கூட, "மச்சான், சாப்புட்டுட்டுப் போ" என்று ஒருநாள் சொன்னார். மாமா அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது.

அண்ணன் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். மாத்திரையால் உப்பியிருந்த முகம் வற்றியது. முகம் பழையபடி ஆகிறது பார் என்று அப்பா அதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். கன்ட்ரோலரைப் பிடிக்க அவன் இரண்டு கையையும் ஒரு தலையணைமேல் வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் கத்தினான்.

ஒரு ஞாயிறு, அடுப்படியில் அம்மா மாமாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். நான் பிஸ்கட் டின்னைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"மாத்திரைய நிறுத்தியாச்சா? எப்ப?" என்றார் மாமா.

"ரெக்கார்ட் ஒடச்சான்ல, அன்னிக்கே. கண்ணால பாத்தப்புறம் நான் சொன்னா அவரு கேப்பாரா?"

மாமா தேநீர்க் குவளையை வாய் வைக்காமலே கீழே வைத்தார். பிறகு கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அத்தான், உங்க வாட்ச்ச கழட்டிக் கையில வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"இவன் ஒரு ரவுண்டு ஓட்டுவான். வாட்ச்லயும் நேரத்தப் பாருங்க, ஸ்கிரீன்லயும் பாருங்க."

அண்ணன் மாமாவை நிமிர்ந்து பார்த்தான். "வேணாம் மாமா" என்றான் மெதுவாக. "எனக்கு இன்னிக்குக் கை வலிக்குது."

"ஒரே ஒரு ரவுண்டு ஐயா."

"வேணாம்."

அவன் கன்ட்ரோலரைத் தொடவில்லை. மாமா அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்பாவுக்கு முன்னால் ஓட்ட எனக்கு அதுவரை வாய்ப்பே கிடைத்ததில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தது போலவே வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கைத் தொட்டு, எங்கும் மோதாமல், நன்றாகவே ஓட்டினேன். திரையில் நேரம் வந்தது. அண்ணனுடையதைவிடக் குறைவு. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் போயிருந்தது.

"நான்தான் வேகத்தக் கொறச்சேன் அத்தான்" என்றார் மாமா. "கை முடியாமப் போவுதேன்னு. அவன் சந்தோஷத்துக்காக. நீங்க மாத்திரைய நிறுத்துவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

அப்பா கடிகாரத்தைத் திரும்ப மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு, "உங்க குடும்பம் எங்களுக்குக் குடுத்தது பத்தலியா?" என்றார். கத்தவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீ இனிமே இங்க வராத."

மாமா பையை எடுக்கும்போது அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான். "ஏன் மாமா சொன்னீங்க?"

மாமா குனிந்து விளையாட்டை முழு வேகத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார். பாட்டும் திரும்ப வந்தது. கீறல் எதுவும் இல்லை.

மறுநாள் அம்மா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாள். திடீரென்று நிறுத்தியதற்கு டாக்டர் அப்பாவைத் திட்டினார். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். போன பலத்தில் கொஞ்சம் திரும்பவே இல்லை. எண்ணெய்ப் புட்டி குப்பைக்குப் போனது. அப்பா துறைமுகத்தை விட்டு, ஜோகூர், பினாங்கு என்று தூரத்து ஓட்டங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் இருக்கிற நாட்களில் கூடத்துக்கு வருவதில்லை. காரின் பானட் மறுபடியும் திறந்தே இருந்தது.

அண்ணன் இருபதைத் தாண்டவில்லை. இப்போது அந்த விளையாட்டை மெருகேற்றிப் புதிய பெட்டிகளுக்கு விற்கிறார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கை முடியாதவர்களுக்கு உதவும் என்று எழுதியும் இருக்கிறது. எவரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்திருப்பதை அன்று கூடத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் அப்பா வந்து உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு மாமா வீட்டுக்கு வருவதை நிறுத்தினாலும், அண்ணனின் ஆஸ்பத்திரி நாட்களை அம்மாவிடம் போனில் கேட்டு வைத்துக்கொண்டு ஒருநாள் அங்கே வந்தார். அப்பா எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். அம்மா நம்பர் எடுக்க வரிசையில் நின்றாள். மாமா அண்ணனின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கோவமா ஐயா? ஏமாத்திட்டேன்னு?"

"எனக்கு மொத நாளே தெரியும் மாமா. அந்தப் பாட்டு இல்லன்னாலும் வேகம் தெரியாதா எனக்கு? எத்தன வருஷம் ஓட்டியிருக்கேன்."

"தெரிஞ்சுமா அப்படிக் கத்துன? தெரிஞ்சுமா மாத்திரைய விட்ட?"

நான் இடையில் புகுந்து, அண்ணன் பொய் சொல்கிறான் என்றேன். தெரிந்திருந்தால் யாராவது அவ்வளவு சந்தோஷமாகக் கத்துவார்களா? நான் கேட்டது நியாயம்தான் என்பதுபோல மாமா அவனைப் பார்த்தார்.

அண்ணன் தலையைச் சாய்த்து, எங்களைத் தாண்டி, கார்கள் நிற்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வருகிறாரா என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். நான் நினைத்தது சரிதான். எத்தனை வருஷமாக அவன் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.