என் புற்றுநோயைப் பார்க்கக் கண்டிக்குப் போனேன்

வவுனியாவிலிருந்து கண்டிக்கு நூற்று எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், வாவியைச் சுற்றுவார்கள், பேராதனைப் பூங்காவில் படம் எடுப்பார்கள். நான் என் புற்றுநோயைப் பார்க்கப் போனேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விடிய முன்னரே பஸ் ஏறிவிட்டோம். என் கணவர் சிவநேசன் தம்புள்ளை தாண்டியும் வாய் திறக்கவில்லை. எனக்கோ நல்ல பசி. மாத்தளையில் பஸ் நின்றபோது இரண்டு உளுந்து வடை வாங்கித் தின்றேன்.

"அங்கை போய்ச் சத்தி எடுக்கப்போறாய்," என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம் அதுதான்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெருங்குடலில் தொடங்கிய நோய் என் வயிற்றின் உட்சவ்வு முழுக்கக் குரக்கன் மணி தூவியதுபோலப் பரவியிருந்தது. முதலில் தந்த மருந்து சில மாதம் வேலை செய்துவிட்டுக் கைவிட்டது. மிச்சம் இரண்டு மருந்துகள். எதைத் தருவது என்று வைத்தியர்களுக்கே நிச்சயமில்லை. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில், நோயாளியிடமிருந்து வெட்டி எடுத்த துண்டிலுள்ள புற்றுநோய்க் கலங்களையே வெளியில் வளர்த்து, மருந்தை முதலில் அவற்றின் மேல் விட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு நானும் சம்மதித்திருந்தேன். இரண்டு மருந்துக்கும் அவை மசியாவிட்டால் எனக்குத் தர வேறொன்றும் இல்லை. அன்றைக்கு முடிவு தெரியும்.

பதினொரு மணியளவில் மஹய்யாவ நெரிசலில் பஸ் ஊரத் தொடங்கியது. பொறுமை கெட்டு அங்கேயே இறங்கி ஓட்டோ பிடித்தோம். பேராதனைப் பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் வயிற்றைப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கணவருடன் சண்டைக்கு வந்தார்.

"என்னா சார் நீங்க, மாசமா இருக்கிறவங்கள பஸ்ஸுல இம்புட்டு தூரம் கூட்டிட்டு வரலாமா? ஒரு வேன் புடிச்சிருக்கக் கூடாதா?"

"இது பிள்ளை இல்லை தம்பி, தண்ணி," என்றேன். "வருத்தத்தால ஊறின தண்ணி. எனக்கு நாப்பத்திநாலு வயசு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன்பிறகு பள்ளம் கண்டால் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிவநேசனும் சிரித்துவிட்டார்.

ஆய்வுகூட வாசலில் ஸீனத் காத்திருந்தார். கடுகண்ணாவைப் பெண், முப்பது வயதிருக்கும், ஆராய்ச்சியை நடத்துபவர்களில் ஒருவர். என்னிடமிருந்து முதலில் எடுத்த துண்டு வீணாய்ப் போயிருந்தது. வெட்டி எடுத்த எதையும் போர்மலின் போத்தலில் போடுவது சத்திரசிகிச்சைக் கூடத்தின் பழக்கம். நோய் இன்னதென்று சோதிக்க அது நல்லது. உயிரோடு வளர்க்க நினைத்தால் நஞ்சு. ஸீனத் அனுப்பிய போத்தல் பக்கத்திலேயே இருந்தும், தாதியின் கை பழகிய போத்தலுக்குத்தான் போனது. இப்படி வேறு நோயாளிகளின் துண்டுகளும் செத்தனவாம்.

"ரெண்டாம் தடவ நான் யாரையும் நம்பல்ல அக்கா," என்றார். "ஐஸ் பெட்டியோட நானே உள்ளுக்கு நின்டேன். டொக்டர்ட கையிலேர்ந்து நேரா என்ட போத்தலுக்குத்தான்."

என்னை உயரமான கதிரையில் இருத்தி நுணுக்குக்காட்டியைக் காட்டினார். முதல் தட்டில் மருந்து விடவில்லை. என் கலங்கள் ஊறிய சவ்வரிசிபோல உருண்டை உருண்டையாகக் கிடந்தன.

"எவ்வளவு நல்லா வளந்திரிக்கி பாருங்க!"

"வளந்ததுக்குக் கை தட்டுறீரோ பிள்ளை?" என்று எரிந்து விழுந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது தட்டில் ஒரு மருந்து விட்டிருந்தார்கள். அதே சவ்வரிசி, அதே கொழுப்பு. "இது சாகேல்லை," என்றேன். சிவநேசன் என்னை விலக்கித் தானும் குனிந்து பார்த்தார்.

மூன்றாவது தட்டில் மற்ற மருந்து. உருண்டை ஒன்றையும் காணவில்லை. வெறும் தூள்.

"எங்க போனது?"

"மௌத்தாப் போச்சு, அல்ஹம்துலில்லாஹ்! எங்கட கூடத்தில துண்டு வீணாப் போகாம சோதன முடியிற மட்டும் வந்து சேந்தது ஒங்கடதுதான் மொதல்." பிறகு குரலை இறக்கினார். "தட்டு வேற, வயிறு வேற அக்கா. வயித்துக்குள்ள என்ன நடக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா டொக்டர் இதப் பாத்துட்டார். திங்கக்கிழம இந்த மருந்தத் தொடங்கச் சொல்லிட்டார்."

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றும் இருக்கவில்லை. அதைச் சத்தமாகவே சொன்னேன். சிவநேசன் கோபிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

பின்னேரம் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊரில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்துவார்கள், நானும் அப்படித்தான். கண்டியில் அன்று முழுக்க அதன் பெயரை உப்புப் புளிபோலப் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போது, பக்கத்து இருக்கையில் இருந்த வவுனியாப் பெண்மணி கதை கொடுத்தார்.

"கண்டிக்கு என்ன, கோயில் பயணமே?"

"இல்லையக்கா. என்ர கான்சர் செத்துக் கிடக்கிறதைப் பாத்திட்டு வாறன்."

ஓட்டுநர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.