சூளையை நாளைக்குத்தான் திறப்பேன்

கண்ணாடிச் சூளை வைத்திருப்பவளுக்குக் கைத்திறமை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மூடியைத் திறக்காமல் இருக்கும் பிடிவாதம் வேண்டும். உருகிய கண்ணாடி ஆற ஒரு முழு நாள் எடுக்கும். இடையில் எட்டிப் பார்த்தால் வெடித்துவிடும். இடியப்பச் சட்டியை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறவர்களோடு வாழும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும்.

ஹாஜியாரின் நிபந்தனை

கொட்டாஞ்சேனையில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடி. ஓவியக்காரர்கள், மண்பாண்டம் செய்கிற மாலினி, கண்ணாடி உருக்குகிற நான் என்று ஏழு பேர் சேர்ந்து எடுத்த கலைக்கூடம். யுத்த காலம், நானோ யாழ்ப்பாணத்தாள். தமிழருக்கு அறை கொடுத்த ஒருவரை பொலிஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்க இருத்தி வைத்தார்கள் என்று கடைக்கார ஹாஜியார் கேள்விப்பட்டிருந்தார். சூளையைக் கட்டிக்கொண்டு ஒரு தமிழச்சி இடம் தேடினால் கொழும்பில் யார் கொடுப்பார்கள்? அது தெரிந்தும் இடம் தந்தவர், மரியாதையாகவே ஒரு நிபந்தனை சொன்னார்: "பொலிஸ் ஒருக்கா இந்தப் படி ஏறினா, அடுத்த நாள் நீங்க எல்லாரும் எறங்கணும் தங்கச்சி."

மூன்று வீட்டுக் கண்ணாடி

பிரதான வீதியில் குண்டு வெடித்ததில், வெள்ளவத்தையில் நான் குடியிருந்த குறுகலான ஒழுங்கையில் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் நொறுங்கின. குப்பைக்குப் போக விடாமல் மூன்று வீட்டுத் துண்டுகளை அள்ளி வந்து, இடையில் செப்புத் தகடு வைத்து ஒன்றாக உருக்கினேன். ஒற்றுமை காட்டுகிறேன் என்று நினைப்பு. கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கி, ஆறியதும் அப்பளமாக உடைந்தது.

அந்த மூன்று வீட்டில் ஒன்றான முன்வீட்டின் ஓய்வுபெற்ற டீச்சரிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொல்லி லண்டனிலிருந்து அவருடைய தம்பி டெலிபோன் கோல் எடுத்திருந்தாராம். டீச்சர் மசியவில்லை. "பலகை அடிச்சா நாங்கள் பயந்திட்டம் எண்டு தெருவுக்கே தெரியும். மிச்சம் கிடக்கிற என்ர கண்ணாடியை மட்டும் தனிய வைச்சுச் சுடும் பிள்ளை."

சார்ஜன் போட்ட பூட்டு

டீச்சரின் கண்ணாடி சூளையில் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் பொலிஸ் படி ஏறியது. வயர், மீற்றர், சூடான இரும்புப் பெட்டி. சார்ஜனுக்குக் குண்டைத் தவிர வேறென்ன தோன்றும்? திறக்கச் சொன்னார். பையைக் கொட்டிக் காட்டினேன், அடையாள அட்டையைக் கொடுத்தேன், சூளையை மட்டும் நாளைக்குத்தான் திறப்பேன் என்றேன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த மாலினி அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவர் எங்களை வெளியேற்றி, அறையைப் பூட்டி, சீல் வைத்து, படியில் ஒரு கொன்ஸ்டபிளையும் நிறுத்திவிட்டு, என் அட்டையோடு போனார்.

மறுநாள் அவர் முன்னாலேயே திறந்தேன். ஒரு கீறல் இல்லை, கடல் நிறம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பவும் உடையுமா என்று கேட்டார். நீங்கள் ஊரைக் காக்கிற இலட்சணத்தைப் பொறுத்தது என்று தமிழில் சொன்னேன். மாலினி மொழிபெயர்த்ததும் மனிதர் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பித் தந்தார். அவர் போனபின், அப்படி என்னதான் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். "நல்ல பலமான கண்ணாடின்னு சொன்னேன் அக்கா. எனக்கும் இந்த எடம் வேணும்தானே."

படி

ஹாஜியார் மேலே வந்தார். பேச்சு பேச்சுத்தான், மற்ற ஆறு பேரும் சாமான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் கட்டவில்லை. அடுத்த ஜன்னலின் துண்டுகளைக் கழுவிக்கொண்டே, இது சுட்டு ஆறும்வரை போக மாட்டேன், பொலிஸுக்கே அதைத்தான் சொன்னேன் என்றேன். சூளையின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "பொலிஸுக்கே இல்லாத அவசரம் எனக்கென்னத்துக்கு? சுடுங்க தங்கச்சி."

டீச்சர் வீட்டு ஜன்னலுக்குப் பின் அந்த மாடியில் இன்னும் எத்தனையோ ஜன்னல்களைச் சுட்டேன். உடைக்கிறவர்கள் ஓயாதபோது நான் மட்டும் எதற்கு ஓய வேண்டும்?