காலி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்

ஓய்வு பெற்ற அந்தக் கண்டக்டருக்குக் கோடை வந்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி திரும்பி வரும் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர், கண்ணில் பட்ட முதல் ரயிலில் ஏறிப் பெருநகரத்தில் போய் இறங்கினார். ஏன், எதற்கு என்று கேட்க வீட்டில் ஆளா இருக்கிறது?

ஊர் ஜேஜேவென்று இருந்தது. தள்ளுவண்டியில் நூடுல்ஸ் வாங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டார். பூங்காவில் ஒரு பெண் வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். அதில் சொக்கிப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"இந்தா, இதைக் கொஞ்சம் கேளேன்."

"ஐயோ, இப்பதாங்க பிள்ளை தூங்குச்சு. அப்புறம் பேசுறேன்."

போனை வைத்துவிட்டாள்.

பிறகு, எங்கே போகிறதென்றுகூடக் கேட்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினார். பாதி வழியிலேயே பஸ் காலியாகிவிட்டது. அப்போதும் மனிதர் உட்காரவில்லை. ஆயுசு முழுக்க நின்றே பழகிய கால்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்காமல், ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தபடி பின்பக்கம் போனார். அசந்து தூங்கிவிட்டவர்களைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவது வேலைக் காலத்துப் பழக்கம்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சார் தேடுறீங்க?"

"யாராவது தூங்கிட்டிருந்தா பாவம், தனியா மாட்டிக்குவாங்கல்ல? அதான்."

"யாரும் இல்ல சார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."