யானைகள் வந்தபோது கேட்ட குலவை

கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. காதுகுத்தோ கல்யாணமோ, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஓரமாக நிற்பேன். சொல்வதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு கதைதான்.

சின்ன வயதில் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் பார்த்த படம் அது. கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவும் வெள்ளைக்காரன், கையைக் குவித்துக் கத்துவான். யானைகள் கூட்டமாக ஓடிவரும். உடனே அந்தக் காட்டுப் பெண்கள் குலவை போடுவார்கள். நம் முளைப்பாரிக்குப் போடுகிற அதே குலவை. இதைச் சொல்லும்போது மட்டும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் மாப்ள என்று கூப்பிடுகிற என் மனைவியின் தம்பி நம்பவில்லை. போன மாதம் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை எங்கிருந்தோ பிடித்துவந்து, வண்டியூரில் எங்கள் வீட்டு டிவியில் போட்டுவிட்டான்.

"ஒன்னு ரெண்டில்ல மச்சான், அம்புட்டும் இருக்கு. குலவை எங்க வருதுன்னு காட்டுங்க. வரலேன்னா இனிமே எந்த விசேஷத்துலயும் அந்தக் கதைய எடுக்கக் கூடாது."

தலையாட்டிவிட்டேன். அந்தக் கதையும் போனால், விசேஷ வீட்டில் எனக்குப் பந்தி மட்டும்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம். பேச்சு இருவருக்கும் புரியவில்லை. அது பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. சில படங்கள் கழித்து நாயகன் வேறு ஆளாகிவிட்டான், குரங்கு மட்டும் அவனை அடையாளம் கண்டு ஓடிவந்தது. ஒரே முதலை பல படங்களில் செத்தது. யானைகளின் காதுகள் என்னவோ போல இருந்தன. உற்றுப் பார்த்தால், நம் கோயில் யானைக்குப் பெரிய காதாக ஒட்டிவைத்தது போல. மூட்டை தூக்கிப் போகிறவன் மலையிலிருந்து விழுந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. மற்றவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். சின்ன வயதில் அதற்குச் சிரித்திருக்கிறோம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

யானைகள் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். குலவை வரவே இல்லை.

கடைசிப் படத்தன்று ஊரிலிருந்து என் அக்கா வந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தது.

"கிறுக்கா, படத்துலயாடா குலவை வந்துச்சு? நாங்கள்ல போட்டோம்!"

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்புச் சுவர் உண்டு. நான் இந்தப் பக்கம் அப்பா மடியில் இருந்தேன். இருட்டில் வந்த சத்தமெல்லாம் எனக்குத் திரைக்குள்ளிருந்தே வந்திருக்கிறது.

"ஆனை கூட்டமா வந்தா பொம்பளைக சும்மா பாத்துக்கிட்டா இருப்பாக? ஒரு பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு ஆரம்பிச்சாக. நாங்களும் சேந்துக்கிட்டோம். கொட்டகைக்காரன் வந்து, சத்தம் போடாதீகன்னு வஞ்சான்."

"வஞ்ச பிறகு நிறுத்திட்டீகளா?" என்றேன். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"மறுநாளு இன்னுஞ் சத்தமா போட்டோம்."

"அப்ப படத்துல இல்ல. கதை முடிஞ்சுச்சு மச்சான்" என்று மாப்ள கை தட்டினான்.

அந்த நேரம் டிவியில் காட்டுமனிதன் கத்தினான். மரங்களை முறித்துக்கொண்டு யானைகள் வந்தன. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டது. அடுப்படியிலிருந்து என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மாப்ள ரிமோட்டை எடுத்தான். டிவியை நிறுத்தப் போகிறான் என்று நினைத்தேன். யானைகள் கிளம்புகிற இடத்துக்குப் படத்தைத் திருப்பினான்.

"இன்னொரு தடவ போடுங்க மதினி" என்றான். பிறகு என்னிடம், "அடுத்த விசேஷத்துல கதை சொல்லும்போது மதினியப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க மச்சான். இல்லேன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."