அக்காவின் சிரிப்பு

கைதட்டு மேஸ்திரி மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. ஆனாலும் டிவி ஸ்டுடியோவில் அவர் விரலைத் தூக்கினால், அவர் கூட்டிவந்த பார்வையாளர் கூட்டமே அழும், மடக்கினால் நிறுத்தும். படித்தவன் எவனுக்கு அது வரும்?

டிவிக்காரர்கள் ஏன் பாட்டுப் போட்டியை விடாமல் நடத்துகிறார்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் தயார்: "நடிகன் அழுதா கூலி கேப்பான். பெத்தவ அழுதா சாப்பாட்டுப் பொட்டலம் போதும்."

போட்டியாளர்கள் ஸ்டுடியோவுக்கு வரும் முன்பே, காலையில், பார்வையாளர்களைச் சிரிக்கவும் அழவும் வாயைப் பிளக்கவும் சொல்லி வரிசையாகப் படம்பிடித்துவிடுவார்கள். பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

அன்று ஆள் குறைந்ததால் மேஸ்திரி தன் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். பாடவிருந்ததே அவளுடைய தம்பிதான். தாயில்லாப் பிள்ளை, இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அந்தப் பூரிப்பில், சிரிக்கச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சாயங்காலம் தம்பிக்குப் பாதிப் பாட்டில் குரல் உடைந்தது. மேடையிலேயே மண்டியிட்டுத் தேம்பினான். டிவியில் வந்தபோது, அவன் தேம்பலுக்கு அடுத்து அக்காவின் சிரிப்பு, பல் தெரிய. அதற்குப் பிறகு அவன் அக்கா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

"என்னங்க, அது காலைல எடுத்ததுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா நம்புவான்."

"சொன்னா ஊரெல்லாம் தண்டோரா போடுவான். அப்புறம் என் பொழப்புல மண்ணுதான்."

"அவன் என் புள்ள மாதிரிங்க."

"உன் புள்ளய ஒழுங்கா பாடச் சொல்லியிருக்கணும்!"

ஒரு வாரத்தில் டைரக்டரே மேஸ்திரியைக் கூப்பிட்டார். "அந்தச் சிரிப்பைப் பாத்து ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க. ரெண்டு பேரையும் மேடையேத்துங்க. ஷோ பிச்சுக்கும்!"

மேஸ்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மச்சானைத் தேடிப் போனார். "உங்கக்கா எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கப் போறா. வாடா மச்சான்." மனைவியிடம் வேறு பேச்சு: "காலைல எடுத்த கதைய மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாதே. மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்."

தம்பி முகத்தைப் பார்த்தால் போதும் என்று அவள் தலையாட்டினாள்.

மேடையில் அவன் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுடா தம்பி."

"அப்ப, நான் அழுதப்ப நீ நெஜமாவே சிரிச்சியாக்கா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கண்ணை உருட்டினார்.

"ஆமாடா," என்றாள்.

தம்பி கையை உதறினான். "எனக்கு அக்கா செத்துட்டா." இறங்கிப் போய்விட்டான்.

டைரக்டர் ஓடிவந்து மேஸ்திரியைக் கட்டிக்கொண்டார். மேஸ்திரி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

லைட்டுக்காரர் கத்தினார்: "யம்மா, கொஞ்சம் நகருங்க! அடுத்த குடும்பம் காத்துட்டு நிக்குது!"