அக்காவின் கோப்பில் என் வசனம்

குளிர் முடிகிற மாதத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாங்கள் குடியேறிய கோலியர்ஸ் வுட்டில் அவளைச் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்றி டொக்டரிடம் கூட்டிப்போனேன். புது டொக்டர், இளம்பெண், இரக்கமான முகம். மருந்து எழுதி முடித்துக் கணினித் திரையில் அக்காவின் கோப்பைப் பார்த்தவள், குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: இதயம் நின்றுபோனால் மறுபடி இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், அதைப் பற்றிப் பேசுவோமா? "விடிகிற ஒவ்வொரு நாளும் எனக்குத் தண்டனை என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்."

தான் அப்படிச் சொன்னதேயில்லை என்று அக்கா ஆங்கிலத்தில் மறுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இது வேற ஆற்றையோ பைல். மாறி வந்திட்டுது."

நான் சக்கர நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினேன். அது மாறி வந்த வசனமில்லை. நான் எழுதியது.

பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப்பணத்துக்குப் படிவம் நிரப்புவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. இருப்பதிலேயே கெட்ட நாளைப் பிடித்து, அதையே எல்லா நாளுமாக எழுத வேண்டும். நல்ல நாள் ஒன்றைச் சொன்னால் பணத்தை வெட்டிவிடுவார்கள். அக்காவின் தசைகள் தளரத் தொடங்கிய காலத்தில், அவளே சொல்வதுபோல அப்படித்தான் எழுதினேன். அவள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்கவில்லை. டொக்டரின் ஆதரவுக் கடிதத்துக்காக ஒரு பிரதியை அங்கே நானே கொடுத்தேன். பெனிபிட் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய கவிதைகளுக்குக் கிடைக்காத பதில் அந்த வசனத்துக்குக் கிடைத்ததே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பொரிந்தாள். தீராத நோயாளிகள் டொக்டரின் உதவியோடு சாகலாம் என்று வரவிருந்த சட்டத்துக்கு எதிராக, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து நாடாளுமன்றத்தின் முன்னால் மழையில் நிற்பவள் அவள். அடுத்த வாரம் எங்கள் தொகுதி எம்பியைச் சந்தித்துப் பேச இருந்தாள்.

"சேர்ச் பாதர் சொல்லித்தான் நிக்கிறன் எண்டு எல்லாரும் நினைக்கினம். பாதருக்கு என்ர நியாயமே விளங்காது."

வலியில் துடிப்பவருக்கு ஒரு கதவு வேண்டாமா என்று நான் அவளோடு வாதாடியதுண்டு. "கதவு வைக்கட்டும். முதல்ல என்ர நாற்காலி ஏறுறதுக்கு ராம்ப் போடச் சொல்லு," என்பாள். அன்று அந்தப் பகிடி வரவில்லை.

"அந்தச் சட்டம் ஆறு மாதத்துக்குள்ள சாகிறவைக்கு மட்டும்தானாம். சளி முத்தினா நானும் அந்த ஆறு மாதத்துக்குள்ள வந்திடுவன். அப்ப என்னால கதைக்க ஏலாது. பைல்தான் கதைக்கும். வீட்டை போன உடனை கொம்ப்ளெயின் எழுது. நீ வடிவா எழுதுவாய்."

எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல என் விரல்கள் தட்டின: வேறு யாரோ ஒருவரின் வார்த்தைகள் என் கோப்பில். அந்த இடத்தில் நின்றுபோனேன். அந்த இளம் டொக்டரின் முகம், பிழை விட்டது யாரென்று அங்கே நடக்கப்போகும் விசாரணை, இரண்டும் கண்முன் வந்து நின்றன.

"அக்கா, அது நான் எழுதினது. பெனிபிட்டுக்கு."



"என்னைக் கேக்காமலோ?"

"ஓம்."

"எனக்கு அப்பிடி இருக்கும் எண்டு நினைச்சோ எழுதினனீ?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றிருக்கலாம். ஆனால் அந்த நாட்கள் எனக்கு நினைவிருந்தன. அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, ஷிப்டுக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடி தூக்கி, விடியக்கூடாதே என்று கேட்டுக்கொண்டு படுத்தவன் யார்? அவள் இல்லை. அவள் விடிந்ததும் தேத்தண்ணி கேட்பாள், ரேடியோ போடச் சொல்லுவாள்.

"அது என்ர களைப்பு அக்கா. உன்ர பேரில எழுதிப்போட்டன்."

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அதை அப்பிடியே எழுது," என்றாள். "வடிவு ஒண்டும் வேண்டாம்."

என் அக்கா இதைச் சொல்லவில்லை, அவளைக் கேட்காமல் நான் எழுதினேன். இரண்டு வரி. என் கையெழுத்து.

மறுநாள் டொக்டரின் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் வாசித்தாள், தலை நிமிராமல் சொன்னாள்: பழையதை அழிக்க மாட்டார்கள், இந்தக் கடிதத்தையும் சேர்த்து வைப்பார்கள்.

வீட்டில் அக்கா எம்பிக்குச் சொல்ல வேண்டியதைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் கேட்டதைச் சொன்னேன். பேனையை வைத்தாள்.

"அப்ப ரெண்டும் கிடக்கும்."

"ஓம்."

"அவசரத்தில வாற டொக்டர் எதை முதல் வாசிப்பார்?"